நொய்யலுக்கு மார்க் போட ஒரு பெட்டி வாங்கினேன்

நொய்யல் ஆற்றுக்காக வாங்கிய தண்ணீர் சோதனைப் பெட்டி வந்த அன்றைக்கே ஒரு பாட்டில் ஒழுகியிருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் சூட்கேஸ், உள்ளே ஸ்பாஞ்சில் வெட்டிய குழிகள், குழிக்கொன்றாகக் குட்டிக் குட்டி பாட்டில்கள். கந்தக அமில பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறார்கள். சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் கருகிப் பள்ளமாகிக் கிடந்தது. விற்றவர்களுக்கு போன் போட்டேன். "மேடம், ஆசிட்டைத் தனியா கூரியர்ல அனுப்ப மாட்டோம், பக்கத்துல எங்கயாச்சும் வாங்கிக்கோங்க" என்றார் ஒரு தம்பி. முதலில் அனுப்பியதும் கூரியரில்தானே என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

நான் மேல்நிலை வகுப்புக்கு முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவள், அதனால் எங்கே வாங்குவது, எப்படிக் கையாள்வது என்பது தெரியும். பள்ளிக்கோ பஞ்சாயத்துக்கோ வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்ததும் கையை வைத்திருந்தால் என்ன ஆகும்? கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. தண்ணீர் சோதனைப் பெட்டி என்று தேடினால் இதே போன்ற சூட்கேஸ்கள் வரிசையாக வரும். ஏழாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன், ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். அந்த அனுபவம்தான் இது.

எதற்கு வாங்கினேன் என்று சொல்லாவிட்டால் பாதிக் குறைகள் புரியாது. எங்கள் தோட்டம் சென்னிமலைப் பக்கம், நொய்யலுக்கு எட்டிப் பார்க்கும் தூரம். வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயருள்ள ஊரில் காவிரியில் சேருகிற ஆறு. வழியில் ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள், கடைசியில் சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரிப்பவர்கள் மட்டும் மறுபடி ஓட்டலாம் என்றானது. அதற்குப் பின் ஆறு தேறியிருக்கிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். டீக்கடையில் "இப்பப் பரவால்லீங்க" என்பார்கள், அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் "எங்கீங்க, தென்னை மட்டை பாருங்க" என்பார்.

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் கேட்டாள், "அம்மா, இதையெல்லாம் விடு, நூத்துக்கு எத்தனைன்னு ஒரே நம்பரா சொல்ல முடியாதா?"

முடியும். அதற்குப் பெயர்தான் நீர் தரக் குறியீடு. அமெரிக்காவில் ஹார்ட்டன் என்பவர் 1965இல் தொடங்கி வைத்த வழி. தண்ணீரில் பல சோதனைகள் செய்து, ஒவ்வொன்றின் முடிவையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, எது எவ்வளவு முக்கியம் என்று எடை போட்டு, கடைசியில் ஒரே எண்ணாகச் சேர்ப்பது. மார்க் ஷீட் போடுகிற வேலைதான். எனக்குத் தெரியாத வேலையா? பெட்டியை வாங்கிவிட்டேன்.

சோதனைகளுக்கு வருகிறேன். பிஹெச், கலங்கல், இரும்பு, ஃபுளோரைடு எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன, சொல்ல ஒன்றுமில்லை. நைட்ரேட்டுக்கு வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையை வெயிலில் வைத்துவிட்டால் நாலு மாதத்தில் வெளுத்துப் போகிறது, பீரோவுக்குள் வையுங்கள். தண்ணீரிலேயே கொஞ்சம் நிறம் இருந்தால் எந்த வண்ண அட்டையும் உதவாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மைச் சோதனை அருமை, ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் பளிச்சென்று மாறுகிறது. பழைய லேப் ஞாபகம் வந்து ஒரே நாளில் தேவையில்லாமல் ஆறு தடவை செய்தேன்.

குளோரைடில்தான் பெட்டி தடுக்கி விழுந்தது. பத்து மில்லி தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். அதில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு. குடிக்கிற தண்ணீரில் 250 வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1000 வரை என்பது இந்தியத் தரநிலை. ஆக, நல்ல கிணற்றுக்கு ஐந்தாறு சொட்டில் முடிந்துவிடும். எங்கள் கிணற்றுக்கு எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டும்போது பால்காரர் வந்து குரல் கொடுத்தார், எண்ணிக்கை போச்சு. மறுபடி ஆரம்பித்து அறுபத்திரண்டில் நிறம் மாறியது. அட்டையில் "நூறு சோதனைகளுக்கு" என்று அச்சடித்திருக்கிறார்கள். என் கணக்குக்குப் பத்தோடு பாட்டில் காலி. விரல் நுனியெல்லாம் ஒரு வாரம் கறுப்பாக இருந்ததுதான் மிச்சம்.

தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மில்லி மாதிரியோடு எட்டு மில்லி வாலைவடி நீர் சேர்த்து, வரும் விடையை ஐந்தால் பெருக்குங்கள். வாலைவடி நீருக்கு பேட்டரி கடையில் விற்கும் தண்ணீரே போதும். ஆனால் வாங்கியதும் டி.டி.எஸ். பேனாவை, அதாவது கரைந்த உப்பைக் காட்டும் என்று சொல்லி விற்கிற கருவியை, முக்கிப் பாருங்கள். நான் வாங்கிய இரண்டு கேன்களில் ஒன்று சாதாரணக் குழாய்த் தண்ணீர். இந்த யோசனை பெட்டியோடு வந்த கையேட்டில் இல்லை. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழில் ஒரு நோட்டில் நானே எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெட்டியின் உயிர் கரைந்த ஆக்சிஜன் சோதனையில் இருக்கிறது. இதற்காக மட்டுமே முழுக் காசும் கொடுக்கலாம். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் ஆற்று நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டுக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும், எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தி. அப்புறம் அமிலம், தயோசல்பேட், கடைசியில் ஸ்டார்ச்சின் நீலம் மறைகிற இடம். ஆற்றங்கரையிலேயே முடித்துவிடலாம்.

முதல் முறை பாலத்திலிருந்து கயிற்றில் வாளி கட்டி இறக்கி எடுத்தேன். ஏப்ரல் மாதம், மேலே நுரை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கயிறு பிடிக்க வந்திருந்தார். பாட்டிலைக் குலுக்கினேன். பழுப்பே வரவில்லை. சுத்த வெள்ளையாகப் பால் திரிந்த மாதிரி அடியில் இறங்கியது.

"டீச்சரம்மா, வெள்ளையா வந்துருச்சுங்களே, அப்ப நல்ல தண்ணிங்களா?"

"இல்லீங்கண்ணா. இதுல உயிர்க்காத்து துளிகூட இல்லீங்க. அதான் வெள்ளை."

அவர் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீனு எப்படீங்க இருக்கும் அப்புறம்" என்று மட்டும் சொன்னார். பரீட்சைக்காக எத்தனையோ தடவை இந்தச் சோதனையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். வெள்ளை வீழ்படிவை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

டி.டி.எஸ். பேனா பெட்டியோடு இலவசம். இலவசத்துக்குரிய லட்சணம். இந்தப் பேனாக்கள் உப்பை அளப்பதே இல்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. என்னுடையது 0.5ஆல் பெருக்குகிறது, நான் மாதிரி கொடுத்த லேப் 0.64ஆல் பெருக்குகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு டி.டி.எஸ்., இரண்டும் சரி! எனவே டி.டி.எஸ். பக்கமே போகாதீர்கள், பொத்தானை மாற்றி மைக்ரோசீமன்ஸில் மின்கடத்துதிறனை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை, மின்கடத்துதிறன் 1413 என்று தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபாருங்கள். பேட்டரி இறங்கினால் எச்சரிக்காமல் பொய் சொல்கிறது. ஒரு மாதம் முழுக்க நான் எழுதிய அளவுகள் அப்படி வீணாகின.

கிருமிக்குப் பெட்டியில் இருப்பது ஒரு குட்டிப் புட்டி. தண்ணீரை ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துப்போகும். கிணற்றுக்கு அது போதும். ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் மறுநாள் காலை தார் மாதிரி இருக்கும், அதிலிருந்து மார்க் போட முடியாது. நூறு மில்லியில் எத்தனை என்ற எண்ணிக்கை வேண்டும். எனவே ஒரு தனியார் லேப். முதல் தடவை சாதா பாட்டிலில் கொண்டுபோனேன், கொதிக்கவைத்த பாட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான். ஐஸ் பெட்டியோடு மறுபடி போனேன். ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பி.ஓ.டி.யை, அதாவது கழிவைத் தின்னும் கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதை, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து முறைப்படி பார்த்திருந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலக்கிருமிக்கு எதிரே "1600க்கு மேல்" என்று எழுதியிருந்தது. 1700 என்றாலும் 1600க்கு மேல்தான், 17 லட்சம் என்றாலும் 1600க்கு மேல்தான். மாதிரியை நீர்க்க வைத்துச் செய்திருந்தால் எண்ணிக்கை கிடைத்திருக்கும், சாக்கடை கலக்கிற ஆறு என்று படிவத்தில் எழுதியே கொடுத்திருந்தேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். முன்கூட்டியே சொல்ல என்ன?

சரி, அளவுகள் கைக்கு வந்தன. மார்க் போட உட்கார்ந்தேன். இனிமேல் எழுதுவது பெட்டியைப் பற்றிய குறை அல்ல, ஆனால் பெட்டி வாங்கியதால்தான் எனக்குப் புரிந்தது.

1970இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார அறக்கட்டளைக்காக ஒரு குறியீடு செய்தார்கள். 142 நிபுணர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, எது முக்கியம், எவ்வளவு முக்கியம் என்று கேட்டுத் தொகுத்தார்கள். ஒன்பது பாடங்கள். கரைந்த ஆக்சிஜனுக்கு 0.17, மலக்கிருமிக்கு 0.16 என்று இறங்கிக்கொண்டே வந்து மொத்தத் திடப்பொருளுக்கு 0.07, உப்பு அடங்குவது இதில்தான். அதாவது உப்பில் முட்டை வாங்கினாலும் நூற்றுக்கு ஏழு மார்க்தான் போகும். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதையே நாலு பாடமாகச் சுருக்கி வைத்திருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் 0.31, மலக்கிருமி 0.28, பிஹெச் 0.22, பி.ஓ.டி. 0.19. உப்பு என்ற பாடமே இல்லை.

கணக்குக்காக ஒரு தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் 80 சதவீதம், நூறு மில்லியில் மலக்கிருமி 500, பிஹெச் 7.4, பி.ஓ.டி. 3. வாரியத்தின் சூத்திரப்படி மார்க் 80, 25, 96, 76. எடை போட்டுக் கூட்டினால் 67. அவர்கள் அட்டவணையில் 63க்கு மேல் என்றால் நன்று. இப்போது இதே தண்ணீரில் மின்கடத்துதிறன் 3400 இருக்கட்டும். மார்க்? அதே 67. தென்னை காய்ந்தாலும் 67, மண் இறுகி ஏர் இறங்காவிட்டாலும் 67.

வாரியத்துக்கு இது தெரியாமல் இல்லை. அவர்களே பாசனத் தண்ணீருக்கு வைத்திருக்கும் 'இ' வகுப்பில் மின்கடத்துதிறன் 2250க்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. நகரச் சாக்கடையே முதல் எதிரியாக இருக்கும் கங்கை போன்ற ஆற்றுக்கு அந்த நாலு பாடம் பொருந்தும். எங்கள் ஆற்றின் நோய் வேறு. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்போ சோடியம் சல்பேட்டோ அள்ளிக் கொட்ட வேண்டும், துணியில் சாயம் தங்கும், உப்பு தண்ணீரோடு போகும். ஆரம்பகாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் பி.ஓ.டி.யையும் குறைத்தன, உப்பைத் தொடவே இல்லை. தெளிந்த உப்புத் தண்ணீர் ஆற்றில் விழுந்தது. அந்தத் தண்ணீருக்கு அன்றைக்கு இந்த நாலு பாடத்தில் பரீட்சை வைத்திருந்தால் எப்படித் தேறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. மேலே அந்த 25ஐ கவனித்தீர்களா? எங்கள் பள்ளியில் ஒரு பாடத்தில் 35க்குக் கீழே போனால் மற்ற பாடங்களில் 96 வாங்கினாலும் ஃபெயில். கூட்டிப் பார்த்து "மொத்தம் 67 சதவீதம் இருக்கே" என்று எந்த டீச்சரும் பாஸ் போடமாட்டார். ஆற்றுக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால், 142 நிபுணர்களைக் கேட்டது போல நானும் கேட்டேன், பதினாலு பேரை. ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுத்து, திண்ணையில் ஐந்து காகிதம் போட்டேன். உப்பு, கிருமி, நாற்றம், நிறம், உயிர்க்காற்று. எது உங்களுக்கு முக்கியமோ அதில் வையுங்கள் என்றேன். தென்னந்தோப்பு அண்ணன் யோசிக்காமல் இருபதையும் உப்பில் கொட்டினார். மாடு வைத்திருக்கும் அக்கா பன்னிரண்டை நாற்றத்தில் வைத்து, "மாடு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க டீச்சர், அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்" என்றார். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் கிருமிக்குப் பத்து. ஏழாவது படிக்கிற பையன் நிறத்துக்குப் பதினைந்து வைத்துவிட்டு மீதியை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். எண்ணிப் பார்த்ததில் உப்பு முதல், கிருமி இரண்டாவது.

கடைசியில் எடையைக் கைவிட்டேன். புளியங்கொட்டைக்காரர்கள் சொன்னதிலிருந்து எந்தெந்தப் பாடம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாற்றத்தை அளக்கக் கருவி இல்லை, அதற்குப் பதில் பி.ஓ.டி.யை வைத்தேன். நிறத்தை விட்டுவிட்டேன், பையன் மன்னிக்கட்டும். உப்புக்கு மின்கடத்துதிறன். 250க்குள் இருந்தால் நூறு, 750இல் எழுபத்தைந்து, 2250இல் முப்பத்தைந்து, 5000இல் பூஜ்யம், நடுவில் வருவதற்கு விகிதப்படி. எந்தப் பாடத்தில் மார்க் குறைவோ அதுதான் ஆற்றின் மார்க், பக்கத்திலேயே பாடத்தின் பெயரும் வரும். மேலே சொன்ன அதே தண்ணீர் இப்போது "20, உப்பு". மகளுக்கு அனுப்பினேன். "இது நம்பர் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

இப்படிக் குறைந்த மதிப்பெண்ணையே குறியீடாக எடுப்பது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, நியூசிலாந்தில் 1990 வாக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். இதிலும் ஓட்டை உண்டு. ஒரே ஒரு தப்பு அளவு வந்தால் மொத்தமும் கெடும். பேனா பொய் சொன்ன மாதத்தில் ஆறு பாவம் பூஜ்யம் வாங்கியது. கனடாக்காரர்களின் 2001 முறை, எத்தனை பாடத்தில், எத்தனை தடவை, எவ்வளவு தூரம் தவறியது என்று மூன்றையும் பார்க்கிறது. அதற்குக் குறைந்தது நாலு பாடம், நாலு தடவை மாதிரி வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு எடுத்தவை மூன்றுதான், ஐப்பசி மழைக்குப் பிறகு நாலாவது எடுத்ததும் போட்டுப் பார்ப்பேன்.

சோடியத்துக்கு இந்தப் பெட்டியில் வழியே இல்லை. மண் இறுகுவது வெறும் உப்பால் மட்டுமல்ல, கால்சியம் மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கடினத்தன்மைச் சோதனையால் கால்சியம் மெக்னீசியப் பாதி கிடைக்கிறது, சோடியப் பாதிக்கு லேபுக்குத்தான் போக வேண்டும். விவசாயிகள் வாங்குவதாக இருந்தால் இதைத் தெரிந்து வாங்குங்கள்.

யாருக்கு இந்தப் பெட்டி? பஞ்சாயத்துக் கிணறு, போர், பள்ளித் தொட்டி இவற்றுக்கு தாராளமாக வாங்கலாம். கெட்டுப்போன ஆற்றுக்கு என்றால் நல்ல மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள், கிருமிக்கும் பி.ஓ.டி.க்கும் லேபுக்குக் காசு எடுத்து வையுங்கள், மாதிரி கொடுக்கும்போதே "நீர்க்க வைத்து எண்ணிக்கை வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள்.

நட்சத்திரமா? ஆக்சிஜன் சோதனைக்கு ஐந்து, கடினத்தன்மைக்கு ஐந்து, குளோரைடுக்கு இரண்டரை, பேனாவுக்கு இரண்டு, வாங்கிய பின் கவனிப்பதற்கு ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்று வரும். என் விதிப்படி "ஒன்று, கவனிப்பு".

சில்வர் நைட்ரேட் மூன்றாவது பாட்டில் நேற்றுத்தான் ஆர்டர் போட்டேன். நானூற்றைம்பது ரூபாய், கூரியர் தனி. மூடியைத் திருகி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.